நாப்பது எழுபத்தாறு

சவுண்ட் சர்வீஸ் கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையனை யாரும் ஆம்ப்ளிஃபயர் பக்கம் விடமாட்டார்கள். ஒயர் சுற்றுவதுதான் அவன் வேலை. கட்டை விரலுக்கும் முழங்கைக்கும் நடுவில் போட்டு இறுக்கிச் சுற்றினால் ஒயர் முறுக்கிக்கொண்டு உள்ளே கம்பி ஒடியும். பெரிய வளையமாகக் கையில் பிடித்து, ஒரு சுற்றை உள்பக்கமாகவும் அடுத்ததை வெளிப்பக்கமாகவும் விட வேண்டும். அப்போதுதான் மறுநாள் திருவிழாத் தெருவில் வீசி எறியும்போது முடிச்சு விழாமல் ஓடும். எண்பதுகளின் நடுவில், பத்தாவது முடித்த கையோடு, திண்டிவனம் நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக் கடையில் நான் முதலில் படித்த பாடம் இது. ஒலக்கூர், மயிலம், பிரம்மதேசம், வெள்ளிமேடுபேட்டை, கிழக்கே மரக்காணம் வரை எங்கள் குழாய் ஸ்பீக்கர் கட்டாத ஊர் குறைவு. ஆடி மாதம் பிறந்துவிட்டால் கடையில் ஆளே இருக்கமாட்டோம். எல்.ஆர்.ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டும் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டும் எங்களுக்குச் சோறு போட்டன.

அந்தக் கடையில் ஒயருக்குக் கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. எண்தான். பதினாலு எழுபத்தாறு, இருபத்துமூணு எழுபத்தாறு, நாப்பது எழுபத்தாறு. முதல் எண், உள்ளே செம்பு எத்தனை இழை என்பது. இரண்டாவது, ஓர் இழையின் தடிமன்: 0.0076 அங்குலம். வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு. சதுர மில்லிமீட்டர் வந்து எவ்வளவோ காலம் ஆகியும் விழுப்புரம், திண்டிவனம் எலக்ட்ரிக்கல் கடைகளில் பழைய ஆட்கள் வாயில் இது இன்னும் புழங்குகிறது. நாப்பது எழுபத்தாறு என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

முதலாளியை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து புதுக் காயில் வந்து இறங்கியதும் முனையை உரித்து, இழைகளைப் பிரித்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார். நாப்பதுக்கு முப்பத்துநாலு இருந்தால் அந்தக் காயில் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகும். எண்ணி முடித்ததும் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்து வைத்திருக்கும் காந்தத்தைக் காட்டுவார். ஒட்டினால் இரும்பு, மேலே செம்பு முலாம். ஒட்டாவிட்டாலும் விடமாட்டார். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டுவார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அலுமினியத்தின் தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். வளைத்து வளைத்துக் கட்டுகிற எங்கள் தொழிலில் சீக்கிரம் ஒடியவும் ஒடியும்.

ஒருமுறை நான், "இது பெரிய கம்பெனிதானேண்ணா, எதுக்கு எண்ணுறீங்க?" என்று கேட்டேன்.

"மேல எவன் பேரு இருந்தா இன்னாடா? உள்ள எத்தினி இருக்குதுன்னு பாரு" என்றார்.

பெயரை அடியோடு மதிக்காதவர் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு ஒயரிங்குக்கு ஃபினோலெக்ஸ் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எண்ணிப் பார்த்து, எண்ணிப் பார்த்து, இனி எண்ண வேண்டியதில்லை என்று அவரே விட்டுவிட்ட பெயர் அது. ஒரு பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்றால் அந்த ஒரு வழியில்தான் கொடுக்கலாம் என்பது எனக்கு அங்கேயே பதிந்துவிட்டது.

ஒயரின் தடிமன் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கோயில் வாசலில் ஆம்ப்ளிஃபயர், ஊர்க்கோடியில் குழாய். நடுவில் நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். ஆக இருநூறு மீட்டர் செம்பு. ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதற்கே ஏறக்குறைய மூன்றரை ஓம் தடை. அந்தப் பக்கம் இருப்பது எட்டு ஓம் ஸ்பீக்கர் என்றால், பக்கத்தில் வைத்து மாட்டினால் கிடைக்கிற சக்தியில் பாதிதான் அதற்குப் போய்ச் சேரும். அதனால்தான் அகூஜா மாதிரியான ஆம்ப்ளிஃபயர்களின் பின்னால் 100 வோல்ட் என்று தனியாக ஒரு முனை இருக்கும். அங்கிருந்து ஒயரை இழுத்து, ஒவ்வொரு குழாய் யூனிட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டுவோம். வோல்ட் ஏறினால் அதே சக்திக்கு ஆம்பியர் குறையும். ஆம்பியர் குறைந்தால் ஒயரில் வீணாவதும் குறையும். மின்வாரியம் நெய்வேலியிலிருந்து உயர் அழுத்தக் கம்பியில் கரண்ட் கொண்டுவருவதும் இதே கணக்குத்தான். மேலே சொன்ன அதே நூறு மீட்டரில், நூறு வாட் குழாய்க்கு, இந்த முறையில் நூற்றுக்கு ஆறேழு பங்குதான் குறையும்.

இப்போது இதை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் மூன்று மீட்டர். போகவர ஆறு மீட்டர். அதே நாப்பது எழுபத்தாறில் தடை 0.1 ஓமைத் தொடாது. எட்டு ஓமுக்குப் பக்கத்தில் அது தூசு. அதனால் குறையும் சத்தம் ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்கு. பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றால் அதைவிடப் பெரிய மாற்றம் காதுக்குத் தெரியும். ஆக்ஸிஜன் இல்லாத செம்பு, வெள்ளி முலாம், பாம்பு தடிமனில் வலைபின்னிய உறை என்று மீட்டர் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு விற்பதெல்லாம் இந்தத் தூசை இன்னும் பொடியாக்குவதற்குத்தான்.

மைக் ஒயர் வேறு சங்கதி. அதில் ஓடுவது மில்லிவோல்ட் கணக்கிலான சிக்னல். பக்கத்தில் எது ஓடினாலும் இழுத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் வாசிப்பார்கள், இரவில் கூத்து. விடிய விடிய ஓடும் கூத்தில் மைக் ஒயரை டியூப்லைட் ஒயரோடு சேர்த்து ஒரே மூங்கிலில் சுற்றிவிட்டால், துரியோதனன் வாய் திறப்பதற்கு முன்பே குழாயில் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் வந்துவிடும். "கரண்ட் ஒயரும் மைக் ஒயரும் கூடப் படுக்கக் கூடாது. தாண்டித்தான் போவணும்னா நேர்குறுக்கா தாண்டிப் போவட்டும்" என்பார் அண்ணன். மைக் ஒயரில் ஷீல்டு பின்னல் அடர்த்தியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவார். பிற்பாடு பேலன்ஸ்டு லைன் வந்தது. இரண்டு கம்பியில் ஒன்றுக்கொன்று நேரெதிராகச் சிக்னலை அனுப்பி, கடைசியில் கழித்துப் பார்ப்பது. வழியில் ஏறிய முனகல் இரண்டிலும் ஒரேமாதிரி இருப்பதால் கழித்தலில் காணாமல் போய்விடும். தொலைபேசிக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்த உபாயம். இதற்கு ஈடான வேலையை எந்த விலையுயர்ந்த ஒயரும் செய்து நான் பார்க்கவில்லை.

எங்களிடம் வந்த பழுதுகளில் பெரும்பாலானவை ஒயரின் நடுவில் இருக்காது. முனையில் இருக்கும். பி-38 ஜாக்கின் உள்ளே டிரை சோல்டர். ஈயம் பரவிப் பிடிப்பதற்கு முன்பே அயனை எடுத்துவிட்ட அவசரக்காரன் வேலை. பார்க்கப் பற்றிக்கொண்ட மாதிரிதான் இருக்கும், ஆட்டினால் கரகரக்கும். சோல்ட்ரான் அயனைக் கையில் கொடுத்து, கம்பி சூடாகி அது தானாக ஈயத்தைக் குடிக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்லி, என்னை அண்ணன் எத்தனையோ பகல் உட்காரவைத்திருக்கிறார்.

பெயருக்குக் காசு கொடுத்து நிஜமாகவே பலன் கண்ட ஒரு பொருள் அந்தக் காலத்தில் இருந்தது: கேசட். ரெக்கார்டிங் சென்டரில் இளையராஜா பாட்டுகளாகப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, "டி.டி.கே.ல பதிஞ்சு குடுங்க" என்பார்கள். கேட்டவர்கள் விவரமானவர்கள். நாடாவின் மேலே பூசிய காந்தப்பொடிதான் அங்கே பாட்டு. பொடி மட்டமாக இருந்தால் இரைச்சல் கூடும், உச்சஸ்தாயி மங்கும், ஒரு கோடை தாண்டினால் நாடா உதிர்ந்து ஹெட்டில் அப்பும். திண்டிவனம் வெயிலில் இரண்டு கேசட்டையும் பக்கத்தில் வைத்தால் ஆறு மாதத்தில் பச்சைக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். என் ஊகம் என்னவென்றால், விலை கூடினால் பாட்டு கூடும் என்ற நம்பிக்கை நம் தலைமுறைக்குக் கேசட்டில் உண்டானது. பிறகு ஒயர் விற்க வந்தவர்கள் அந்த நம்பிக்கையின் மேலேயே கடை போட்டுக்கொண்டார்கள்.

தங்க முலாம் பூசிய பின் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழுப் பித்தலாட்டம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. அங்கே குப்பத்துத் திருவிழாவுக்குப் போய்வந்த ஒயரின் முனைகள் ஒரு வாரத்தில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். உப்புக்காற்று செம்பையும் பித்தளையையும் தின்னும், தங்கத்தைத் தொடாது. ஆகவே கடலோரத்தில் தங்க முலாமுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அந்தப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதிலிருக்கும் தங்கத்துக்கு ஒரு டீ விலை பெறாது. அதோடு, தங்கப் பின்னை வெள்ளீயம் பூசிய சாக்கெட்டில் செருகினால் இரண்டு உலோகமும் உரசி வேறு விதமான அழுக்குப் பிடிக்கும். அண்ணனின் வைத்தியம் மலிவானது. மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஜாக்கையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வைப்பார்.

தென்னாற்காட்டைப் பிரித்து 1993 செப்டம்பரில் விழுப்புரத்தை மாவட்டத் தலைநகர் ஆக்கினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து என்னை விழுப்புரத்துக்கு இழுத்தன. கிழக்கு பாண்டி ரோட்டில் டி.வி. மெக்கானிக் கடை போட்டேன். அதற்கு முன்னால் டி.வி. என்றால் சென்னைத் தூர்தர்ஷனைப் பிடிக்க மொட்டைமாடியில் இரண்டு ஆள் உயரக் குழாயில் ஆன்டெனா, பூஸ்டர், தட்டையான ரிப்பன் ஒயர். காற்றடித்தால் படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஆவியாக இன்னொரு முகம் நிற்கும். வழியில் எதிலாவது முட்டித் திரும்பி, கொஞ்சம் பிந்தி வரும் சிக்னலின் இரட்டை அது. ஆன்டெனாவின் 300 ஓமும் டி.வி.யின் 75 ஓமும் ஒத்துப்போகாவிட்டாலும் படம் கெடும். அதற்கு நடுவில் பலூன் என்று ஒரு சின்னப் பெட்டி மாட்டினால் சரியாகும். கேபிள் வந்ததும் அந்த ரிப்பன் எல்லாம் பரணுக்குப் போய், தென்னைமரத்துக்குத் தென்னைமரம் 75 ஓம் கோஆக்ஸியல் தொங்கியது. தெருவின் கடைசி வீட்டில் படம் புள்ளி புள்ளியாக வரும். ஸ்ப்ளிட்டருக்கு ஸ்ப்ளிட்டர் பாதிச் சிக்னல் போனால் கடைசி வீட்டுக்காரர் என்ன செய்வார்? டி.வி.க்குப் பின்னால் தங்கப் பின் வைத்த ஒயர் வாங்கி மாட்டுவார். வரும்போதே செத்துப்போன சிக்னல், கடைசி ஒன்றரை மீட்டரில் உயிர் பிழைக்காது.

2006இல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்த பிறகு டி.வி.டி. பிளேயர் குடிசைக்குக் குடிசை வந்தது. அதோடு மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று பின் ஒயர். டப்பாவோடு வரும் ஒயர் நூலுக்குச் சமம். பின்னின் கழுத்தில் ஒடிந்துவிடும். அதை எறிந்துவிட்டு எண்பது ரூபாய் ஒயர் வாங்கச் சொல்வேன். எண்ணூறு ரூபாய் ஒயரால் கூடுதல் பலன் இல்லை. அந்த மஞ்சள் பின்னில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன, கலந்ததை டி.வி. மறுபடி பிரிக்கும்போதுதான் கோடுபோட்ட சட்டையில் வானவில் ஓடுகிறது. அது கம்பியின் குற்றம் இல்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஓட்டை இருந்தால் அதற்கு மாறுங்கள், அன்றைக்கே வித்தியாசம் தெரியும் என்பேன். அந்த மூன்றுக்கும் அதே எண்பது ரூபாய் ஒயர் போதும்.

வானூர் தாலுகா நம் மாவட்டம் என்பதால் ஆரோவில்லிலிருந்தும் அவ்வப்போது அழைப்பு வரும். 1968இல் தொடங்கிய அந்த ஊரில் ஐரோப்பாவிலிருந்து இசைத்தட்டு, ஆம்ப்ளிஃபயர், ஆள் உயர ஸ்பீக்கர் எல்லாம் கப்பலில் கொண்டுவந்து வைத்திருந்தவர்கள் உண்டு. அப்படி ஒரு பெல்ஜியம்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். "வாங்க தம்பி, மோர் சாப்பிடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் வீட்டு ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்து நான் மலைத்துவிட்டேன். என் மணிக்கட்டுத் தடிமன். அது தரையைத் தொடக் கூடாது என்று சின்னச் சின்ன மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தார். விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு அப்போது திண்டிவனத்தில் ஒரு செகண்ட்ஹாண்ட் ஆம்னி வாங்கியிருக்கலாம்.

அவருடைய குறை, இசைத்தட்டு போட்டால் அடியில் ஒரு ஹம். ஒயரை இரண்டு முறை மாற்றியாயிற்று, இன்னும் நல்ல ஒயருக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். எல்லா இணைப்பையும் பார்த்தேன், பழுதில்லை. கடைசியில் பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். முப்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வெளியே போய் எர்த் குழியைத் தேடினோம். வேலியோரம் முந்திரி மரத்தடியில் சருகு மூடிக் கிடந்தது. அது செம்மண் பூமி, சித்திரை வெயில். மண் கல்லாக இறுகிவிட்டது. காய்ந்த மண்ணில் எர்த் கம்பி இருப்பதும் இல்லாததும் ஒன்று. தோட்டக்காரரைக் கூப்பிட்டு, உப்பும் கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றவைத்தோம். மண் குடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே வந்து தட்டைப் போட்டால் ஹம் காதை வைத்துத் தேடுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. பெல்ஜியம்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஒயரை மாற்றவும் இல்லை, மரக்கட்டைகளை எடுக்கவும் இல்லை. அடுத்த தடவை போனபோது தோட்டக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா பாட்டு கேக்கறதுக்கு மின்ன அந்தக் குழிக்குத் தண்ணி ஊத்தச் சொல்றாரு, எதுக்குங்க?" என்று கேட்டார்.

அந்தப் பெல்ஜியம்காரர் மூலமாகத்தான் விலையுயர்ந்த ஒயர் உலகத்தின் கதைகள் எனக்குத் தெரியவந்தன. ஒயரையே ஒரு சரக்காக்கியவர் நோயல் லீ. அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த இன்ஜினீயர், டிரம்ஸ் வாசிப்பவர். 1979இல் மான்ஸ்டர் கேபிள் தொடங்கினார். 1983இல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஆட்களை உட்காரவைத்து, எந்த ஒயர் என்று சொல்லாமல் கேட்கவைத்தது. நூலாக இருந்த மெல்லிய ஒயரைக் கண்டுபிடித்தார்கள். ஓரளவு தடித்த சாதாரண மேசைவிளக்கு ஒயருக்கும் மான்ஸ்டருக்கும் இசையில் வேறுபாடு சொல்ல முடியவில்லை. அண்ணன் காந்தத்தையும் பிளேடையும் வைத்துக்கொண்டு சொன்னது இதைத்தான். 2007இல் இன்னொரு கூத்து. 7,250 டாலர் ஸ்பீக்கர் ஒயரை, கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் சாதாரண நல்ல ஒயரிலிருந்து பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி. ஒரு பத்திரிகையாளர் தயார் என்றார். ஒயர் தர வேண்டிய கம்பெனி பின்வாங்கிவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் டெனான் ஒன்றரை மீட்டர் நெட்வொர்க் ஒயரை ஏறக்குறைய 500 டாலருக்கு விற்றது. சிக்னல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அதில் அம்புக்குறி வேறு. கம்பியில் ஓடும் சிக்னல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பது. அதற்கு அம்பு போட்டு வழி காட்டிய ஆளை நேரில் பார்த்தால் ஒரு டீ வாங்கித் தருவேன்.

எச்.டி.எம்.ஐ. வந்த பிறகு இந்த வியாபாரம் விழுப்புரத்துக்கே வந்துவிட்டது. ஒரு பொங்கலுக்கு, ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர் 55 அங்குல டி.வி. வாங்கினார். மாட்டிக் கொடுக்கப் போனேன். டி.வி.யோடு நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ஒயரையும் கட்டி அனுப்பியிருந்தார்கள். செட்டாப் பாக்ஸ் டப்பாவைப் பிரித்தால் உள்ளே காசில்லாமலே ஓர் எச்.டி.எம்.ஐ. ஒயர் இருந்தது.

"ஏம்பா, ரெண்டுல எது நல்லது?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றேன்.

அறிவியல் வாத்தியார் அல்லவா, வாய்ச்சொல்லில் விடவில்லை. பேரனை டி.வி.க்குப் பின்னால் நிறுத்தி, அவன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிவிட்டு, ரூல்டு பேப்பரில் கட்டம் போட்டு மார்க் போட்டார். கிரிக்கெட், செய்தி, ஒரு பழைய சிவாஜி படம். கடைசியில் பேப்பர் முழுக்க ஒரே எண். அவருக்கு ஏன் என்று தெரிந்தாக வேண்டும். பழைய மஞ்சள் ஒயரில் படம் அலையாகப் போனது, வழியில் கொஞ்சம் தேய்ந்தால் படமும் கொஞ்சம் தேயும். இதில் போவது ஒன்றும் பூஜ்ஜியமும். தந்தி மாதிரி சார் என்றேன். தந்திக்காரர் சைக்கிளில் வந்தாலும் காரில் வந்தாலும் தாளில் இருக்கும் எழுத்து அதேதான். எழுத்து அழிகிற அளவுக்கு வழியில் கெட்டால் படத்தில் வெள்ளைப் பொறி பறக்கும், அல்லது திரை கறுத்துவிடும். நிறம் கூடுவது, முகம் தெளிவது என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

"அப்ப நாலாயிரம்?" என்றார். அதற்கான பதில் எனக்கு அந்த வாரமே கிடைத்தது. அந்த ஷோரூமில் நின்ற பையன் என் கடையில் தொழில் கற்றவன். டீக்கடையில் பார்த்துக் கேட்டேன்.

"டி.வி. வெலையத்தான் எல்லாரும் போன்ல பார்த்துட்டு வந்துர்றாங்கண்ணா. அதுல ஒண்ணும் நிக்காது. ஒயரு வெலைய எவனும் பார்க்கிறதில்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. அறுபதாயிரம் கொடுத்த கையோடு நிற்பவரிடம், இவ்வளவு வாங்கிவிட்டு ஒயரில் கஞ்சத்தனம் பார்ப்பீர்களா என்று கேட்டால் யாருக்கும் மறுக்க வாய் வராது. வாத்தியாருக்கு நான் சொன்ன யோசனை, அந்தக் காசு மிச்சமிருந்தால் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்பது. விழுப்புரத்துக் கோடைச் சாயங்காலங்களில் வோல்டேஜ் படுகிற பாட்டுக்கு அதுதான் டி.வி.யின் ஆயுள். அவர் கேட்டுக்கொண்டார்.

இதனால் எந்த ஒயரும் போதும் என்று அர்த்தமாகிவிடாது. பாதை நீளும்போதும், அனுப்புகிற சரக்கு கூடும்போதும் கணக்கு மாறுகிறது. 4கே படம் வினாடிக்கு 60 பிரேம் போக 18 கிகாபிட் வரை தாங்குகிற ஒயர் வேண்டும். அதற்கு மேல் 48 கிகாபிட் வகை. முதலாவதற்கு 'பிரீமியம் ஹைஸ்பீடு', இரண்டாவதற்கு 'அல்ட்ரா ஹைஸ்பீடு' என்று சோதித்துச் சான்று ஒட்டுகிறார்கள். போனில் ஸ்கேன் செய்தால் உண்மையா போலியா என்று காட்டிவிடும். எண்ணிப் பார்க்கிற வேலைதான், நகத்துக்குப் பதில் போன். அந்தச் சான்று உள்ள இரண்டு மீட்டர் ஒயர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் செம்பில் இந்த வேகம் நாலைந்து மீட்டரைத் தாண்டினால் திணறும். எத்தனை பெரிய பெயர் போட்டாலும் திணறும்.

போன வருஷம் விழுப்புரம் புறவழிச்சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இந்தச் சிக்கல் வந்தது. மேடையில் எல்.இ.டி. சுவர், பின்னால் கேமராக்காரர்கள் உட்காருகிற அறை. நடுவில் இருபது மீட்டருக்கு மேல். முகூர்த்த நேரத்தில் திரை கறுத்துப் போய்ப் பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். மண்டபக்காரர் ஊரிலேயே விலை கூடிய செம்பு ஒயரைப் பார்த்து வைத்துவிட்டு, வாங்கட்டுமா என்று என்னைக் கூப்பிட்டார். இந்தத் தூரத்துக்கு அது வேண்டாம் என்றேன். இரண்டு வழி சொன்னேன். ஒன்று, எச்.டி.எம்.ஐ.யை எஸ்.டி.ஐ. என்ற சிக்னலாக மாற்ற கேமராக்காரர்கள் வைத்திருக்கும் பெட்டி, அதற்குத் தேவை, தென்னைமரத்தில் தொங்கிய அதே 75 ஓம் ஒயரின் நல்ல ரகம், மீட்டர் கணக்கில் வாங்கலாம். இன்னொன்று, உள்ளே கண்ணாடி இழை வைத்த ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. இதற்கு விலை உண்டு, அந்த விலைக்குக் காரணமும் உண்டு. முனைகளில் மின்சாரத்தை வெளிச்சமாக்கி, மறுபடி வெளிச்சத்தை மின்சாரமாக்குகிற சில்லுகள் இருக்கின்றன. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

ஒயரை இழுத்தவர்கள் அவருடைய பையன்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பைப்பில் நுழைத்து, அரை நாள் வேலை. இரண்டு பக்கமும் செருகிவிட்டு ஆன் செய்தால் படம் இல்லை. எனக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று எழுதி, நடுவே அம்புக்குறி போட்டிருந்தது. இந்த ஒயரில் அம்பு நிஜம். வெளிச்சம் ஒரு பக்கம்தான் போகும். அவர்கள் மாற்றி இழுத்திருந்தார்கள். மறுநாள் காலை ஒரு வளைகாப்பு. எல்லாருமாகச் சேர்ந்து ஏணியைப் போட்டு சீலிங்கை மறுபடி பிரித்தோம்.